ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி நேர்காணலில் என்ன நடக்கிறது?

கேள்வி இது: “அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த என் மகள் எம்.டி., டி.ஓ. ஆகிய இரண்டு வகைக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பித்திருக்கிறாள். இரண்டு ஆஸ்டியோபதி கல்லூரிகளிலிருந்து நேர்காணல் அழைப்பு வந்துள்ளது, எம்.டி. பக்கம் இன்னும் ஒன்றும் வரவில்லை. நேர்காணல் எப்படி நடக்கும், என்ன கேட்பார்கள், அவள் எதற்குத் தயாராக வேண்டும்?”

நான் டி.ஓ. பட்டம், அதாவது எம்.டி.க்கு இணையான, தசைகளையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்யும் கைமுறைச் சிகிச்சையையும் சேர்த்துக் கற்பிக்கும் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் பெற்ற குடும்ப மருத்துவர். ஓர் ஆஸ்டியோபதி கல்லூரியின் சேர்க்கைப் பருவத்தில் விண்ணப்பதாரர்களை நேர்காணல் செய்பவர்களுள் ஒருவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அழைப்பு வந்திருப்பதையே முதலில் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். ஏகோமாஸ் என்ற பொது விண்ணப்ப முறை மே மாதத் தொடக்கத்தில் திறக்கிறது. விண்ணப்பங்கள் சரிபார்க்கப்பட்டு, கல்லூரிகள் தனித்தனியே அனுப்பும் இரண்டாம் கட்ட விண்ணப்பங்களும் எழுதி முடிக்கப்பட்ட பின், ஆகஸ்ட், செப்டம்பர் தொடங்கி அடுத்த வசந்தகாலம் வரை நேர்காணல்கள் நடக்கின்றன. பல்லாயிரம் விண்ணப்பங்களில் சிறு பகுதியினருக்கே அழைப்பு போகிறது. மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட் மதிப்பெண்ணையும், கல்லூரி மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ.யையும் பார்த்து, இந்தப் பெண்ணால் பாடத்தைச் சமாளிக்க முடியும் என்று கல்லூரி பெரும்பாலும் முடிவுக்கு வந்த பிறகுதான் அழைக்கிறது. ஆகவே மதிப்பெண்ணை மீண்டும் நிரூபிக்கும் இடமாக நேர்காணலைக் கருதி அவள் உள்ளே நுழைந்தால், யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

டி.ஓ. என்றால் எம்.டி. கிடைக்காதவர்களுக்கு என்ற பேச்சு நம் குடும்பங்களில் இன்னும் இருப்பதால், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். அமெரிக்காவில் டி.ஓ. முழு உரிமை பெற்ற மருத்துவர். அறுவை சிகிச்சை உட்பட எந்தத் துறையிலும் பணிபுரியலாம். 2020 முதல் இரு வகையினருக்கும், பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் ரெசிடென்சி என்ற துறைப் பயிற்சிக்கு ஒரே அங்கீகார அமைப்புதான். அண்மை ஆண்டுகளில் டி.ஓ. இறுதியாண்டு மாணவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் ரெசிடென்சி இடம் பெற்றுவருகிறார்கள். நரம்பு அறுவை, தோல் மருத்துவம் போன்ற கடும் போட்டியுள்ள துறைகளில் எம்.டி. மாணவர்களுக்கு இன்றும் கூடுதல் வாய்ப்பு இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆஸ்டியோபத் என்று அழைக்கப்படுபவர் கைமுறைச் சிகிச்சை மட்டும் செய்பவர், மருத்துவர் அல்லர். ஊரிலிருக்கும் உறவினர்கள் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டுக் கலங்குவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தால்தான்.

இனி, அந்த நாள் எப்படி நகரும் என்பது. 2020-இல் பெருந்தொற்றால் எல்லாக் கல்லூரிகளும் காணொளி நேர்காணலுக்கு மாறின. சில கல்லூரிகள் நேரில் அழைப்பதற்குத் திரும்பிவிட்டன, பல இன்றும் காணொளியிலேயே நடத்துகின்றன. எப்படியிருந்தாலும் வரிசை ஏறத்தாழ ஒன்றுதான்: டீனோ சேர்க்கைப் பிரிவின் தலைவரோ பேசும் அறிமுகம், பாடத்திட்டம் பற்றிய விளக்கம், கடனுதவி அலுவலரின் உரை, தற்போது படிக்கும் மாணவர்களோடு உரையாடல், இடையில் 20 முதல் 40 நிமிடம் வரை அவளுக்கான நேர்காணல். மாணவர்களோடு பேசும் பகுதி மதிப்பீட்டில் சேராது என்று பெரும்பாலும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் ஒரு விண்ணப்பதாரர் அங்கே முகம் சுளிக்கும்படி நடந்துகொண்டால் அந்தச் செய்தி சேர்க்கை அலுவலகத்துக்கு வந்துசேராமல் போவதில்லை. காணொளி என்றால் நேர மண்டலத்தைக் கவனியுங்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவருக்குக் கிழக்குக் கரைக் கல்லூரியின் காலை 8 மணி அமர்வு விடியற்காலை 5 மணி.

நேரில் அழைக்கும் கல்லூரி என்றால், கைமுறைச் சிகிச்சை கற்பிக்கும் கூடத்தை நிச்சயம் காட்டுவார்கள். மெத்தை போர்த்திய மேசைகள் வரிசையாகக் கிடக்க, அரைக்கால் சட்டையும் டி-ஷர்ட்டும் அணிந்த மாணவர்கள் இரண்டிரண்டு பேராக, ஒருவர் படுக்க மற்றவர் அவருடைய முதுகெலும்பின் இருபக்கத் தசைகளையும் விரலால் நாடிக்கொண்டிருப்பார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் பொதுவாக 200 மணி நேரம் அளவுக்கு இந்தப் பயிற்சி உண்டு. தொலைபேசி விவரப் புத்தகத்தின் தாளுக்கு அடியில் ஒரு தலைமுடியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் அது கிடக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வது பழைய பயிற்சி. பழகப் பழகத் தாள்களைக் கூட்டிக்கொண்டே போவார்கள். சக மாணவர்கள் தன் உடலைத் தொட்டுப் பயில்வதும், தான் அவர்களைத் தொட்டுப் பயில்வதும் வாரந்தோறும் நடக்கும் என்பதை உங்கள் மகள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. சமயக் காரணத்தாலோ கூச்சத்தாலோ தயக்கம் இருந்தால், அதைக் கல்லூரி எப்படிக் கையாள்கிறது என்று மாணவர்களிடமே கேட்கலாம். கேட்பது தவறாகக் கருதப்படாது.

நேர்காணலில் முக்கியமாக இரண்டு வடிவங்கள் உண்டு. பெரும்பாலும் காணப்படுவது ஒருவரோ இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவோ உட்கார்ந்து பேசும் வழக்கமான முறை. குழு என்றால் அதில் ஒரு டி.ஓ. மருத்துவர், உயிர்வேதியியலோ உடற்கூறியலோ கற்பிக்கும் பிஎச்.டி. பேராசிரியர், சில நேரம் ஒரு மூத்த மாணவர் என்று கலந்திருப்பார்கள். ஒவ்வொருவரும் தேடுவது வெவ்வேறு. மருத்துவர் நோயாளியிடம் அவள் எப்படிப் பேசுவாள் என்று பார்க்கிறார். பேராசிரியருக்கோ, ஒரு வாரத்தில் கல்லூரிப் பட்டப்படிப்பின் ஒரு மாதப் பாடத்தை விழுங்க வேண்டிய சூழலில் அவள் எப்படிப் படிப்பாள் என்பதுதான் கவலை. “நன்றாகத் திட்டமிட்டுப் படிப்பேன்” என்ற பதில் அவருக்குப் போதாது. எந்தப் பாடத்தில் திணறினாள், படிக்கும் முறையில் எதை மாற்றினாள், மாற்றிய பின் என்ன நடந்தது என்று சொன்னால் அவர் பேனாவை எடுப்பார்.

நேர்காணல் செய்பவர் கையில் விண்ணப்பம் இருக்குமா என்பதும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில இடங்களில் முழுக் கோப்பும் திறந்திருக்கும். சில இடங்களில் கட்டுரை மட்டும் தெரியும், மதிப்பெண் மறைக்கப்பட்டிருக்கும். சில இடங்களில் பெயரைத் தவிர எதுவும் தெரியாது. கோப்பு மூடியிருக்கும்போது “நான் விண்ணப்பத்தில் எழுதியிருந்தபடி” என்று தொடங்கும் பதில் காற்றில் போய்விடும். எதிரில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அனுபவத்தையும் இடம், ஆள், தான் செய்த வேலை ஆகியவற்றோடு சொல்லப் பழகுவதே பாதுகாப்பு. சில கல்லூரிகள் நேர்காணலுக்கு முன் காஸ்பர் என்ற சூழ்நிலைத் தீர்வுத் தேர்வையோ, திரையில் கேள்வி தோன்ற ஓரிரு நிமிடத்தில் பதிலைப் பதிவுசெய்து அனுப்பும் முறையையோ கேட்கின்றன. பதிவு முறையில் எதிரே தலையசைக்க ஆள் இல்லாததால் நன்றாகப் பேசுகிறவர்களும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். கைப்பேசியில் தானே பதிவுசெய்து கேட்டுப் பழகுவதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

அடுத்தது எம்.எம்.ஐ. எனப்படும் பல நிலைய நேர்காணல். கனடாவின் ஹாமில்டன் நகரிலுள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2000-களின் தொடக்கத்தில் உருவானது இது. ஒரே ஆளின் விருப்பு வெறுப்பு முடிவைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்காக, விண்ணப்பதாரரைப் பல சிறு நிலையங்களுக்கு அனுப்பி, ஒவ்வொன்றிலும் வேறு ஒருவர் தனித்தனியே மதிப்பெண் இடுவார். கதவிலோ திரையிலோ ஒரு சூழ்நிலை எழுதப்பட்டிருக்கும். படித்து யோசிக்க சுமார் 2 நிமிடம், உள்ளே பேச 6 முதல் 8 நிமிடம். மணி அடித்தால் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் எழுந்து போக வேண்டும். ஒரு நிலையத்தில் சொதப்பினாலும் அடுத்தவருக்கு அது தெரியாது. இந்த முறையின் பெரிய நன்மை இதுதான். ஆனால் பலர் முந்தைய அறையின் வருத்தத்தை முகத்தில் சுமந்துகொண்டே அடுத்த அறைக்குள் வருகிறார்கள்.

கேட்கப்பட்ட கேள்விகளை வெளியே சொல்வதில்லை என்று விண்ணப்பதாரர்களிடம் உறுதி வாங்குவது வழக்கம். நாங்களும் சொல்லக் கூடாது. ஆகவே அதே வகையில் நானே அமைத்த ஒரு சூழ்நிலையைத் தருகிறேன். மருத்துவமனையில் எழுபது வயது மூதாட்டிக்குக் கணையப் புற்றுநோய் என்று பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. அவருடைய மகன் உங்களை வராந்தாவில் நிறுத்தி, “அம்மாவிடம் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டார்கள்” என்கிறார். என்ன செய்வீர்கள்?

தயாரிப்புப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்த விண்ணப்பதாரர் உடனே நோயாளியின் தன்னுரிமை என்று தொடங்கி, சட்டப்படி சொல்லியே ஆக வேண்டும் என்று ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார். அதில் பிழையில்லை, ஆனால் மிச்சமிருக்கும் ஐந்து நிமிடமும் அறையில் மௌனம்தான். இன்னொருவர், மகன் ஏன் அப்படிச் சொல்கிறார், முன்பு வீட்டில் இப்படி ஏதேனும் நடந்ததா என்று அவரிடமே கேட்பேன் என்கிறார். பிறகு மூதாட்டியிடம், உங்கள் உடல்நிலை பற்றிய விவரங்களை நீங்களே தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, மகனிடம் பேசச் சொல்கிறீர்களா என்று கேட்பேன் என்கிறார். மொழி தடையாக இருந்தால் மகனை மொழிபெயர்ப்பாளராக வைக்காமல் மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரை அழைப்பேன் என்கிறார். மூதாட்டியே நேராகக் கேட்டால் பொய் சொல்லமாட்டேன் என்கிறார். அப்போது எதிரில் இருப்பவர், “அப்படியானால் மகன் கேட்டுக்கொண்டது?” என்று குறுக்கே ஒரு கேள்வி போடுவார். அது அவரை மடக்குவதற்காகக் கேட்பதன்று. எதிர்ப்பு வந்தால் பதறாமல் யோசிக்கிறாரா, உடனே தலைகீழாக மாறிவிடுகிறாரா என்று பார்ப்பதற்காகவே. நம் வீடுகளில் பாட்டியிடம் நோயின் பெயரை மறைத்த கதை இல்லாத குடும்பம் குறைவு. அந்த அனுபவத்தை மறைக்காமல், இரு பக்கத்தின் வலியும் தெரிந்தவளாக உங்கள் மகள் பேசினால் புத்தகப் பதிலைவிட அது நெடுந்தூரம் போகும்.

எந்த வடிவமாக இருந்தாலும், “ஏன் டி.ஓ.?” என்ற கேள்வி ஏதோ ஓர் உருவத்தில் வந்தே தீரும். எம்.டி. நேர்காணலிலிருந்து உண்மையில் வேறுபடும் இடம் இது ஒன்றுதான் என்று சொன்னாலும் தகும். பெரும்பாலோர் நான்கு கோட்பாடுகளை ஒப்பிக்கிறார்கள்: மனிதர் உடல், மனம், ஆன்மா இணைந்த ஒரே அலகு, உடலுக்குத் தன்னைத்தானே சீராக்கிக்கொள்ளும் ஆற்றல் உண்டு, கட்டமைப்பும் செயல்பாடும் ஒன்றையொன்று சார்ந்தவை, சிகிச்சை இவற்றின் அடிப்படையில் அமைய வேண்டும். ஒரே காலையில் இதை ஆறு பேர் வாயிலிருந்து கேட்ட பிறகு ஏழாமவர் என்ன சொல்கிறார் என்பது காதில் ஏறுவதே இல்லை. அதைவிட மோசம், “டி.ஓ.க்கள் நோயாளியை முழு மனிதராகப் பார்க்கிறார்கள், எம்.டி.க்கள் நோயை மட்டும் பார்க்கிறார்கள்” என்ற வாக்கியம். எங்கள் சகப் பணியாளர்களில் பாதிப் பேர் எம்.டி.க்கள், எதிரில் உட்கார்ந்திருப்பவரின் கணவரோ மனைவியோ எம்.டி.யாக இருக்கலாம். அது உண்மையும் அன்று.

நாங்கள் கேட்க விரும்புவது அவள் கண்ணால் பார்த்த ஒன்றை. பல கல்லூரிகள் ஒரு மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தைக் கேட்கின்றன, அது டி.ஓ.வாக இருந்தால் நல்லது என்கின்றன. அதற்காகவாவது அவள் ஒரு டி.ஓ.விடம் ஷேடோயிங் செய்திருப்பாள், அதாவது அவர் நோயாளிகளைப் பார்ப்பதைக் கூடவே இருந்து கவனித்திருப்பாள். அங்கே என்ன நடந்தது? தலைவலியோடு வந்தவரின் கழுத்தை மருத்துவர் எப்படித் தொட்டுப் பார்த்தார், நோயாளி அப்போது வேறு எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், எந்த நோயாளிக்கு மருத்துவர் கைமுறைச் சிகிச்சை செய்யாமல் விட்டார், ஏன்? இந்த விவரங்களில் ஒன்றைச் சொன்னால் போதும். கோட்பாட்டை நாங்களே அதிலிருந்து எடுத்துக்கொள்வோம். பார்த்த டி.ஓ. கைமுறைச் சிகிச்சை செய்யவே இல்லை என்றால் அதையும் சொல்லலாம். நடைமுறையில் பெரும்பாலான டி.ஓ.க்கள் அதை அரிதாகவே செய்கிறார்கள் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததே.

சான்று பற்றியும் கேட்கக்கூடும். 1999-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஓர் ஆய்வில், கீழ்முதுகு வலிக்கு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் ஆஸ்டியோபதி கைமுறைச் சிகிச்சை பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். இரண்டாம் பிரிவினருக்கு மருந்து குறைவாகத் தேவைப்பட்டது. மறுபுறம், மண்டையோட்டு எலும்புகளின் மெல்லிய அசைவை விரலால் உணர்வதாகக் கூறும் கிரேனியல் முறைக்குச் சான்று பலவீனம். ஒன்றை ஏற்று மற்றொன்றை ஐயத்தோடு பார்க்கும் விண்ணப்பதாரரை நான் பெரிதும் மதிப்பேன். அந்த முறையையே கற்பிக்கும் ஆசிரியர் எதிரில் இருந்தால் கொஞ்சம் பணிவான சொற்களில் சொல்வது நல்லது, அவ்வளவுதான்.

வரலாற்றையும் ஓரளவு தெரிந்துகொண்டு போகட்டும். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1864-இல் மூளையுறை அழற்சிக்குத் தம் பிள்ளைகள் மூவரைப் பறிகொடுத்தார். அக்கால மருந்துகளில் நம்பிக்கை இழந்து 1874-இல் தம் கருத்தை அறிவித்த அவர், 1892-இல் மிசூரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் ஊரில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். அதன் முதல் வகுப்பிலேயே பெண்களும் இருந்தனர். 1962-இல் கலிஃபோர்னியாவில் 65 டாலர் கட்டணம் செலுத்திய சுமார் 2,000 டி.ஓ.க்களுக்கு எம்.டி. பட்டம் வழங்கப்பட்டது, புதிய டி.ஓ.க்களுக்கு அங்கே உரிமம் தருவது நின்றுபோய், மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 1974-இல்தான் மீண்டும் தொடங்கியது. மூத்த தலைமுறை டி.ஓ.க்களுக்கு இது ஆறாத புண். இரண்டு பட்டமும் ஒன்றுதானே, வேறுபாடு எதற்கு என்று விண்ணப்பதாரர் சாதாரணமாகச் சொல்லும்போது அவர்கள் முகம் ஏன் இறுகுகிறது என்பது இதை அறிந்தவருக்குப் புரியும்.

உங்கள் கேள்வியின் அடியில் இருக்கும் தயக்கத்துக்கு வருகிறேன். “எம்.டி. கல்லூரிகளுக்கும் விண்ணப்பித்தீர்களா?” என்று கேட்டால், ஆம் என்று சொல்லட்டும். பெரும்பாலோர் இரண்டுக்கும் விண்ணப்பிக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதற்காக யாரையும் ஒதுக்குவதில்லை. இல்லை என்று பொய் சொல்வதும், டி.ஓ. தன் வாழ்நாள் கனவு என்று நடிப்பதும்தான் கெடுக்கும். மருத்துவராவதே என் குறிக்கோள், இரண்டு பாதைகளையும் பார்த்தேன், இந்தப் பாதையில் இன்னது என்னை ஈர்த்தது, இங்கே இடம் கிடைத்தால் மகிழ்ச்சியோடு வருவேன் என்ற அளவில் நின்றால் போதும். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் மனதாரச் சொல்ல வேண்டுமானால், வீட்டில் டி.ஓ. அழைப்பை ஆறுதல் பரிசாகப் பேசுவதை நீங்கள் இப்போதே நிறுத்த வேண்டும். சாப்பாட்டு மேசையில் கேட்ட சொல் நேர்காணலில் குரலின் தொனியாக வெளிப்படும். நாங்கள் அதை அடிக்கடி கேட்கிறோம்.

அடுத்து, “ஏன் எங்கள் கல்லூரி?” ஆஸ்டியோபதி கல்லூரிகள் பலவும் ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதிக்கு மருத்துவர் தருவதைத் தம் நோக்கமாக எழுதிவைத்தவை. மேற்கு வர்ஜீனியாவின் லூயிஸ்பர்க்கிலும் கென்டக்கியின் பைக்வில்லிலும் உள்ள கல்லூரிகள் அப்பலேச்சிய மலைப்பகுதிக் கிராமங்களை மனத்தில் வைத்து இயங்குபவை. நியூயார்க்கின் ஹார்லெமில் உள்ள டூரோ கல்லூரியின் சூழல் முற்றிலும் வேறு. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் செரோக்கி பழங்குடி அரசோடு இணைந்து டாலிகுவா ஊரில் 2020-இல் வகுப்புகளைத் தொடங்கியது. அரிசோனாவின் மேசாவில் உள்ள ஏ.டி. ஸ்டில் பல்கலைக்கழகக் கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே மாணவர்களை நாட்டின் பல பகுதிகளிலுள்ள சமூகச் சுகாதார மையங்களுக்கு அனுப்பிவிடுகிறது. நியூ ஜெர்சி புறநகரில் வளர்ந்த பெண் தனக்கும் கிராமத்துக்கும் பிறவித் தொடர்பு உண்டு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் மருத்துவரே இல்லாத ஒரு வட்டாரத்தில் நான்கு ஆண்டுகள் வாழ ஏன் தயார் என்பதை அவள் யோசித்திருக்கிறாளா என்று நிச்சயம் பார்ப்பார்கள். முதன்மை மருத்துவத்தில் ஆர்வமா என்று கேட்டால், உறுதி இல்லாதபோது உறுதி இருப்பதாகக் காட்ட வேண்டியதில்லை.

குறைந்த மதிப்பெண் பற்றிய கேள்வி வந்தால் ஆசிரியரையோ பெருந்தொற்றையோ குறைசொல்லாமல், நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லி, பிறகு மாறியதை நான்கு வாக்கியத்தில் சொல்லட்டும். 2017-க்கு முன் டி.ஓ. விண்ணப்பத்தில், ஒரு பாடத்தை மறுபடி எடுத்தால் பழைய மதிப்பெண் கணக்கிலிருந்து விலகிவிடும். இப்போது எல்லா முயற்சிகளும் சராசரியில் சேர்கின்றன. ஆயினும் விழுந்து எழுந்தவர்களிடம் இந்தக் கல்லூரிகளுக்குப் பொதுவாகவே பொறுமை அதிகம். பெற்றோர் இருவரும் மருத்துவர்களாகவோ மென்பொருள் துறையினராகவோ இருக்கும் இந்திய வம்சாவளி மாணவர்களிடம், மருத்துவம் யாருடைய முடிவு என்பதைச் சுற்றிவளைத்துக் கேட்பதும் உண்டு. அதற்கு அவள் கோபப்படவும் வேண்டாம், உங்களை விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். திருமணம், குழந்தைப்பேறு, சமயம் ஆகியவை பற்றி நாங்கள் கேட்கவே கூடாது என்று எங்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். யாராவது கேட்டுவிட்டால் நாகரிகமாக விலகிப் பதில் சொல்லிவிட்டு, பிறகு சேர்க்கை அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம்.

இறுதியில் “உங்களுக்கு ஏதேனும் கேள்வி உண்டா?” என்பார்கள். இதை மரியாதைக்காகக் கேட்பதாக எண்ணி நழுவவிடுகிறவர்களே அதிகம். அவள் கேட்க வேண்டியவற்றில் முதலாவது மூன்றாம், நான்காம் ஆண்டு ரொட்டேஷன்கள், அதாவது துறை துறையாக மருத்துவமனையில் பெறும் பயிற்சி, எங்கே என்பது. பல ஆஸ்டியோபதி கல்லூரிகளுக்குச் சொந்தமாகப் பெரிய மருத்துவமனை கிடையாது. மாணவர்களைப் பல ஊர்களில், சில நேரம் பல மாநிலங்களில் உள்ள மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். எந்த ஊர் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்கிறார்களா, விருப்ப வரிசையிலா, அங்கே ரெசிடென்சி பயிற்சி நடக்கிறதா, வீட்டு வாடகைக்கு யார் பொறுப்பு? கட்டட அழகைவிட இந்த விடைகள்தான் அவளுடைய பயிற்சியின் தரத்தைத் தீர்மானிக்கும். அடுத்து, டி.ஓ.க்களுக்கான உரிமத் தேர்வான காம்லெக்ஸின் முதல் நிலையில் அண்மை ஆண்டுகளின் தேர்ச்சி விகிதம். டி.ஓ. மாணவர்கள் காம்லெக்ஸ் எழுதியே ஆக வேண்டும். போட்டி மிகுந்த துறைகளை விரும்புபவர்கள் எம்.டி. மாணவர்களின் உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யையும் சேர்த்து எழுதுகிறார்கள். இரண்டின் முதல் நிலைகளும் 2022 முதல் தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே அறிவிக்கப்படுவதால் இரண்டாம் நிலை மதிப்பெண்ணுக்கு எடை கூடிவிட்டது. இரண்டு தேர்வுக்கும் கல்லூரி எப்படித் துணைசெய்கிறது என்பதை மாணவர்களிடம் கேட்டால் நேரான பதில் கிடைக்கும்.

பணத்தைப் பற்றிக் கடனுதவி அலுவலரிடம் நீங்களே கேட்கத் தோன்றும், அவளையே கேட்கவிடுங்கள். தனியார் கல்லூரிகளில் ஆண்டுக் கல்விக் கட்டணம் மட்டும் 50,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவர்களுக்கு முன்பிருந்த கிராட் பிளஸ் என்ற கூட்டரசுக் கடன் இல்லை. கூட்டரசின் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 200,000 டாலர் என்ற வரம்புக்குள் அடங்கிவிடும். மீதிக்குத் தனியார் கடனா, கல்லூரியின் உதவித்தொகையா என்பது இப்போதே பேச வேண்டியது. உங்கள் மகள் அமெரிக்கக் குடிமகள் என்பதால் பிரச்சினையில்லை. எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் குடும்பத்தினருக்கானது) இருக்கும் பிள்ளைகளைப் பல டி.ஓ. கல்லூரிகள் ஏற்பதில்லை என்பதை, அந்த நிலையில் இருக்கும் பிற பெற்றோருக்காகச் சொல்லிவைக்கிறேன்.

காணொளி நேர்காணல் உங்கள் வீட்டிலிருந்து நடக்குமானால், கதவை மூடிவிட்டு நீங்கள் வெளியே இருங்கள். பின்னால் குக்கர் விசில் அடித்தாலோ நாய் குரைத்தாலோ யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. சிரித்துவிட்டு மேலே போவோம். ஆனால் விண்ணப்பதாரரின் கண் திரைக்கு அப்பால் ஒரு பக்கமாகவே போய்வந்து, அதன் பிறகு பதில் மெருகேறி வந்தால், அறையில் இன்னொருவர் இருக்கிறார் என்று புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகாது. ஒப்பித்த பதிலும் இப்படித்தான் தெரிந்துவிடும். நண்பர்களோடு, முடிந்தால் கல்லூரியின் ஆலோசகரோடு, நான்கைந்து மாதிரி நேர்காணல் செய்து பார்ப்பது நல்லது. எழுதி மனப்பாடம் செய்வது வேண்டாம்.

முடிந்த பிறகு ஒரு நாளுக்குள் சுருக்கமான நன்றி மின்னஞ்சல் அனுப்பலாம். அதனால் முடிவு மாறாது. நேர்காணல் செய்தவர் எழுதும் மதிப்பீடு சேர்க்கைக் குழுவுக்குப் போகிறது. குழு அவ்வப்போது கூடி முடிவெடுப்பதால் சில நாளிலும் பதில் வரலாம், பல வாரங்களும் ஆகலாம். இடங்கள் நிரம்ப நிரம்பக் குறையும் முறை என்பதால் அக்டோபரில் அழைக்கும் கல்லூரியிடம் பிப்ரவரியில் வருகிறேன் என்று தள்ளிப்போடுவது உசிதமன்று. இடம் கிடைத்தால் அதைத் தக்கவைக்க முன்பணம் கட்ட வேண்டும், பல டி.ஓ. கல்லூரிகளில் அது 1,000 டாலருக்கு மேல், திரும்பக் கிடைக்காது. எம்.டி. அழைப்பு வரும் என்று காத்திருக்கும் குடும்பங்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. அந்தக் கல்லூரியில் படிக்க அவள் மனம் ஒப்பினால் கட்டிவிடுங்கள் என்பேன். போகவே மாட்டாள் என்றால் அந்த இடத்தை உடனே விட்டுக்கொடுத்துவிடுங்கள், காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் ஒருவருக்கு ஜூலை வரை உறக்கம் இருக்காது.